நாற்பது செடிகளும் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரும்

அன்புள்ள மகனுக்கு,

இந்தப் பூமண்டலத்தில் இதுவரை யாரும் நம்பாத, இனிமேலும் யாரும் நம்பப்போகாத ஒரு கதையை உனக்குச் சொல்லப்போகிறேன் என்று, திருநீர்மலைப் பெருமாள் இருக்கும் திசை பார்த்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தியம் செய்து தொடங்குகிறேன். வாயாலேயே சொல்லியிருப்பேன். ஆனால் உன் கல்யாண ரிசப்ஷனில் நான் மைக்கைத் தொட்டால் அன்றைக்கே பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். அவள் பிறந்த வீட்டை இடித்து அங்கே அடுக்குமாடி எழும்பி வெகு காலமாகிறது. அப்படியும் சொல்கிறாள் என்றால் விஷயம் தீவிரம் என்று புரிந்துகொண்டேன். அதனால் எழுதுகிறேன். எழுதியதை நகல் எடுத்து, வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலப் பையில் தேங்காய்க்கு அடியில் வைத்துவிடுவதாகவும் உத்தேசம். மைக்கைத்தான் தொடக்கூடாது என்றாள். தேங்காயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நீயோ நாடு விட்டு நாடு போகிறாய். தாம்பரம் தாண்டி, பெருங்களத்தூர் தாண்டி, சிங்கமும் புலியும் உறுமுகிற வண்டலூரை உயிரைக் கையில் பிடித்தபடி கடந்து, ஊரப்பாக்கம் என்னும் தூர தேசத்தில் மருமகளோடு தனிக்குடித்தனம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன். உன் அம்மா இப்போதே ஊறுகாய் ஜாடிகளைக் கட்டும் வேகத்தைப் பார்த்தால் நீ கப்பலேறுகிறாய் என்று அக்கம்பக்கத்தார் நினைக்கக்கூடும். இப்படிப் போகிற பிள்ளைக்கு அப்பா நாலு புத்தி சொல்லவேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. என்னிடம் புத்தி எப்போதும் கையிருப்பில் குறைவு என்பது உனக்குத் தெரியும். இருக்கும் கொஞ்சத்திலும் பெரும்பங்கு நீ கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனி வெயிலில், ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாய். அதற்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகையும்.

நம் காலனிக்குப் பின்னால் இருந்த அந்த இடத்தை ஊரப்பாக்கத்தார் அறியமாட்டார்கள், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு காலத்தில் கல் உடைத்த இடம். கல் தீர்ந்த பிறகு, தாம்பரம் முதல் பல்லாவரம் வரை யார் வீடு இடித்தாலும் அந்தக் குப்பை இங்கேதான் வந்து விழுந்தது. செங்கல், சிமெண்டு, உடைந்த ஓடு, அதன்மேல் சீமைக்கருவேல முள். அங்கே குழி தோண்ட நான் எடுத்துப்போன கடப்பாரை முதல் நாளே வளைந்துபோய், இரண்டாம் நாள் மருத்துவ விடுப்பு கேட்டது. ஒரு குழியில் எனக்குப் பல்லவர் காலத்துப் பீங்கான் கிடைத்தது. நீ அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது வெஸ்டர்ன் டாய்லெட்" என்றாய். சரித்திரத்தின் மீது உனக்கு என்றுமே மரியாதை கிடையாது.

அந்த இடம் ஏழுமலை அண்ணனுடையது. அவரை இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அவர் குடும்பம் முன்னே பயிர் வைத்தது, இப்போது மெயின் ரோட்டில் கடைகளை வாடகைக்கு விட்டிருக்கிறது. அந்த நிலத்தைத் தளம் போட்டு லாரிகள் நிறுத்த விடுவதாக அவர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். நம் காலனிக்காரர்களோ, ஏற்கெனவே ஜன்னலைத் திறந்தால் மூக்கில் சிமெண்டுப் புழுதி, இனி லாரிப் புகையுமா என்று பயந்துபோனார்கள். அசோசியேஷனில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் என்னைப் பார்த்தார்கள்? முப்பது வருஷம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன், வாயால் மலையைப் புரட்டக்கூடியவன். நான் போய் ஏழுமலை அண்ணனிடம் பேசினேன். ஒரு மணி நேரம் பேசினேன். அந்த நிலத்தில் காடு எழும்பும், அதில் மயில் ஆடும், மழை வழிதவறாமல் நேரே நம் காலனிக்கு வரும், மேனாட்டு விஞ்ஞானிகள் வந்து ஏழுமலை அண்ணனோடு படம் எடுத்துக்கொள்வார்கள் என்றெல்லாம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்று முடிக்கும்வரை கேட்டார்.

"சார், மயிலு கியிலு எல்லாம் அப்பால பாத்துக்கலாம். கத்திரி வெயில் முடியற வரைக்கும் டைம் தரேன். எத்தினி செடி வெப்பீங்க?"

"நாற்பது!"

"நாப்பதுல பாதி உசுரோட நின்னுச்சின்னா, அந்த எடத்துமேல நான் கை வெக்க மாட்டேன். நிக்கலன்னா லாரி நிக்கும். அப்பால வந்து பேஜார் பண்ணக்கூடாது, இன்னா?"

ஜனவரி இருபத்தாறு அன்று கொடியேற்றி, சாக்லேட் கொடுத்து, அதே கையோடு நாற்பது செடிகளையும் நட்டோம். நாவல், வேம்பு, மகிழம், புங்கன், பூவரசு. ஏழுமலை அண்ணன் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, "மழயெல்லாம் முடிஞ்சிபோச்சி, இப்ப வந்து செடி வெச்சிகினு கீறீங்க? கொடி ஏத்தற நாளுக்கும் செடிக்கும் இன்னா சார் சம்பந்தம்?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே கையசைத்தேன். எனக்குப் புரியாத கேள்விகளுக்கு நான் கையசைப்பது வழக்கம், உனக்குத் தெரியும்.

தண்ணீருக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோதுதான் உன் அப்பாவின் மூளை, அது அடிக்கடி செய்யாத ஒரு காரியத்தைச் செய்தது. நம் காலனியில் ஆர்.ஓ. மிஷின் இல்லாத சமையலறை உண்டா? நம் போர்வெல் தண்ணீரை அப்படியே குடித்தால் பல் சுண்ணாம்பாகிவிடும் என்று எல்லாரும் அதை மாட்டி வைத்திருக்கிறோம். அது ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கொடுப்பதற்குள் ஒரு வாளித் தண்ணீரைக் கழித்து வெளியே தள்ளுகிறது. அந்தத் தண்ணீர் எல்லா வீட்டிலும் சும்மா சாக்கடைக்குப் போகிறது. அதைக் கேனில் பிடித்துச் செடிக்கு ஊற்றினால்? மீட்டிங்கில் நான் இதைச் சொன்னபோது கிடைத்த கைதட்டலில் திருநீர்மலை ஓரடி நகர்ந்தது. மறுநாள் முதல் காலனியைப் பெருக்கும் சரோஜா அக்கா, தன் மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகக் கேன்களை ஏற்றிக்கொண்டு போய், நாற்பது செடிக்கும் ஊற்றினார். ஒருநாள் தவறவில்லை. பொங்கி வழிந்த என் பெருமையில் நீந்தித்தான் நீங்களெல்லாம் ஆபீசுக்குப் போனீர்கள்.

பத்து நாள் இருக்கும். சரோஜா அக்கா கேட் அருகே என்னை நிறுத்தினார்.

"சார், இந்தத் தண்ணி கரிக்குது சார். மூஞ்சி கழுவும்போது வாயில பட்டுட்ச்சி. தூ, ஒரே உப்பு."

"சரோஜா, ஆர்.ஓ. என்றால் என்ன தெரியுமா? தண்ணீர் ஐந்து ஃபில்டர் தாண்டி வருகிறது. ஐந்து!"

"தாண்டி வர்றது உங்க டம்ளருக்குப் போற தண்ணி சார். இது தாண்டாத தண்ணி."

மகனே, நான் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சவ்வூடு பரவல் நடத்தியவன். உப்பு எந்தப் பக்கம் தங்கும், நீர் எந்தப் பக்கம் போகும் என்று கரும்பலகையில் படம் போட்டு, அம்புக்குறி இட்டு, பரீட்சையில் கேட்டு, தப்பாக எழுதியவன் காதைத் திருகியவன். அந்த அம்மாள் ஒரே வரியில் பாடத்தைச் சரியாகச் சொன்னபோது எனக்குப் புரிந்திருக்கவேண்டும். புரியவில்லை என்று சொன்னால் அது புளுகு. ஒரு நொடி புரிந்தது. உடனே அதன்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டேன். மீட்டிங்கே கைதட்டிய யோசனையைக் கேட் வாசலில் கழற்றி வைக்க மனசு வரவில்லை. "நீ ஊத்தும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மாசி முடிவதற்குள் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. செடியைச் சுற்றி மண்ணில் வெள்ளை வெள்ளையாக ஏதோ படர்ந்தது. பங்குனியில் மகிழம் முதலில் போனது, பிறகு நாவல் ஒவ்வொன்றாக. அந்த வருஷத்து வெயிலையும் சொல்லவேண்டும். தாம்பரத்தில் தண்டவாளம் இளகி, நிற்க முடியாமல் ஒரு ரயில் டிக்கெட் எடுத்தவர் எடுக்காதவர் எல்லாரையும் செங்கல்பட்டுவரை வழுக்கிக்கொண்டே கொண்டுபோய் விட்டது. காக்கைகள் கால் சுடுகிறதென்று செருப்புக்கடை வாசலில் வரிசையில் நின்றன. ஆகவே பழியை வெயில்மேல் போட்டிருக்கலாம். நிறைய இடம் இருந்தது. ஆனால் அசோசியேஷன் கூட்டத்தில், பதினொரு செடி செத்துவிட்டது, ஏன் சார் என்று செக்ரட்டரி கேட்டபோது, வெயிலைவிடப் பக்கத்தில் சரோஜா அக்கா நின்றிருந்தார். "தினமும் சரியாக ஊத்தியிருந்தால் இப்படி ஆகாதே" என்றேன். பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லாததில் எனக்கு ஒரு பெருந்தன்மைகூட இருந்தது, கேட்டுக்கொள்.

சரோஜா அக்கா சத்தம் போடவில்லை. "ஊத்தினேன் சார். ஊத்தினதாலதான் செத்துச்சி" என்றார். வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்தார். போய்விட்டார்.

நீ பின்வரிசையில் இருந்தாய். அங்கேயே எழுந்து நின்று அப்பனின் மானத்தை வாங்கியிருக்கலாம். உனக்கு அப்போதே விஷயம் தெரியும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆர்.ஓ. சர்வீஸ் பண்ண வந்தவரிடம் உப்பு பார்க்கும் பேனா போன்ற கருவியை வாங்கி, அந்தக் கேன் தண்ணீரில் முக்கிப் பார்த்திருந்தாயாம். ஆனாலும் கூட்டத்தில் நீ வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு. உன் அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். நீ என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாய். கூட்டத்தில் பேசிய களைப்பு. ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டேன்.

குடித்த பிறகு என் முகம் எப்படி ஆனது என்று உன் அம்மாவைக் கேள். இப்போதும் விருந்தாளி வந்தால் நடித்துக் காட்டுகிறாள்.

"என்னடா இது?"

"செடிக்கு ஊத்தற தண்ணிப்பா. ரெண்டு மாசமா அதுங்க குடிக்குது. நாமளும் ஒரு டம்ளர் குடிக்கலாம்னு."

நீ அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மீதிப் பாதியை நீயே எடுத்துக் குடித்தாய். குடித்துவிட்டு, "சரோஜா அக்கா கீழ்க்கட்டளையில ஒரு ஃபிளாட்ஸ்ல வேலைக்குச் சேரப் போறாங்களாம். நாளைக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்ப்பா" என்றாய். நான் என்ன செய்தேன்? எழுந்தேன், கை கழுவினேன், "எனக்குப் பாடம் எடுக்கிற அளவுக்கு வளர்ந்துட்டியா?" என்று கத்தினேன். கத்தியதில் மாடி வீட்டுக் குழந்தை அழத் தொடங்கியது. ஒன்பது நாள் உன்னோடு பேசவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு தடவைதான். காலனியே அதைத் திருவிழாவாகக் கொண்டாடியது.

அந்த ஒன்பது நாளும் நீ என்ன செய்தாய் என்பதைப் பால்கனியில் பேப்பருக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். நம் வீட்டு ஏசி பின்னால் சொட்டும் குழாய்க்கு அடியில் ஒரு பழைய பெயிண்ட் பக்கெட் வைத்தாய். இரவெல்லாம் சொட்டி, விடியும்போது பக்கெட் நிறைந்திருந்தது. காற்றில் இருந்த ஈரம்தானே அது, மழைத்தண்ணீர் மாதிரி உப்பே இல்லாத தண்ணீர். எதிர்வீட்டிலும் கேட்டு ஒரு பக்கெட் வைத்தாய். காலையில் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் இரண்டு பக்கெட்டையும் வைத்துக்கொண்டு, ஒருகாலைத் தரையில் தேய்த்தபடி போவாய். ஆபீஸ் சட்டையோடு மண்டியிட்டு, உன் அம்மாவின் பழைய தோசைத் திருப்பியால் ஒவ்வொரு செடியின் அடியிலும் அந்த வெள்ளை உப்புப் படிவைச் சுரண்டி எடுத்துத் தள்ளிவிட்டு, பிறகு தண்ணீர் விடுவாய். இரண்டு பக்கெட் எத்தனை செடிக்குப் போதும்? நாலுக்கு. மீதி இருபத்தைந்தும் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றன. நானும்தான்.

ஒன்பதாம் நாள் உன் அம்மா காபியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "பால்கனியிலேருந்தே ஊத்திடுவீங்களா, இல்ல கீழ இறங்கிப் போறதா உத்தேசமா?"

பல்லாவரம் போய், ஷேர் ஆட்டோவில் ஏழு பேருக்கு நடுவில் மடங்கி, கீழ்க்கட்டளையில் இறங்கினேன். வழியெல்லாம் மன்னிப்பு உரையைத் தயார் செய்தேன். மூன்று பகுதி, முன்னுரை, முடிவுரை எல்லாம் உண்டு. சரோஜா அக்கா ஒரு ஃபிளாட்ஸ் வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் முன்னுரையைத் தொடங்கினேன். மனித குலத்தின் வரலாற்றில் தவறுகள் என்று நான் இரண்டு வாக்கியம் போவதற்குள் அவர் துடைப்பத்தை நிறுத்தினார்.

"இன்னா சார், மன்னிப்பு கேக்க வந்தியா, பாடம் எடுக்க வந்தியா?"

"மன்னிப்புத்தான் சரோஜா."

"எங்கிட்ட இன்னாத்துக்கு? நான் ஊத்தினது எனக்குத் தெரியும். என்னைய எங்க சொன்னியோ, அங்க சொல்லு."

அடுத்த ஞாயிறு அங்கே சொன்னேன். என் வாழ்நாளிலேயே குட்டையான பேச்சு அதுதான். "சரோஜா தினமும் ஊத்தினாங்க. ஊத்தச் சொன்ன தண்ணிதான் தப்பு. சொன்னது நான். அவங்க சொல்லியும் நான் கேக்கல." உட்கார்ந்துவிட்டேன். யாரோ பின்னாலிருந்து, "சார், நீங்க கெமிஸ்ட்ரிதானே?" என்று கேட்டார். அந்தச் சிரிப்பில் திருநீர்மலை மறுபடியும் தன் பழைய இடத்துக்கே நகர்ந்துவிட்டது. சரோஜா அக்கா கதவோரம் நின்றிருந்தார். சிரிக்கவில்லை. மேஜைமேல் இருந்த வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். நம் காலனியில் மூன்று வருஷமாக நடந்துகொண்டிருந்த மாபெரும் யுத்தம் எதைப் பற்றி? மூன்றாம் மாடி ஏசித் தண்ணீர் முதல் மாடி வடாத்தின் மேல் சொட்டியதைப் பற்றி. இரண்டு வீட்டாரும் கோர்ட் வாசல்வரை போய், பார்க்கிங் கிடைக்காமல் திரும்பியவர்கள். அந்தத் தண்ணீர்தான் வேண்டும் என்று நீ கேட்டதும், இரண்டு பேரும் ஒரே பக்கெட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்து வைத்தார்கள். ஒரு வாரத்தில் எல்லா மாடியிலும் பெயிண்ட் பக்கெட்டுகள். சொட்டிய தண்ணீர் பெருகி ஓடி அடையாறு நம் காலனிக்கு வழிகேட்டு வந்தது என்று நான் வெளியில் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் எந்தப் பக்கெட்டும் சரோஜா அக்காவின் சுங்கச் சோதனையைத் தாண்டாமல் நிலத்துக்குப் போகவில்லை. ஒவ்வொன்றிலும் விரலை முக்கி நாக்கில் வைப்பார். நல்லதென்றால் வண்டியில் ஏறும். ஒரு வீட்டில் நிறைய இருக்கட்டுமே என்று பழைய ஆர்.ஓ. தண்ணீரையும் கலந்து வைத்திருந்தார்கள். அக்கா அப்படியே திருப்பிக் கொடுத்தார்: "இத உங்க ரசத்துல ஊத்துங்கம்மா, உப்பு மிச்சம்."

இங்கே ஒரு புத்தி சொல்கிறேன், சீக்கிரம் கேட்டுவிடு. வீட்டில் நமக்கு வேண்டாம் என்று கழிந்ததை அடுத்தவர்க்குக் கொடுத்துவிட்டு, கொடுத்துவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்தாதே. ஏசித் தண்ணீரும் நமக்கு வேண்டாததுதானே அப்பா என்று நீ கேட்பாய், உன் வாயை எனக்குத் தெரியாதா. ஆமாம், வேண்டாததுதான். ஆனால் அதை ஒருத்தர் முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்த்தார். மருமகளுக்குக் கொடுக்கும் சொல்லைக்கூட அப்படி ஒருமுறை உன் நாக்கிலேயே வைத்துப் பார்த்துவிட்டுக் கொடு. தப்பு செய்தால் அன்றைக்கே போய் நில். ஒன்பது நாள் எடுத்துக்கொள்ளாதே. அந்த ஒன்பது நாளில் நாலு நாவல் செத்தது. அது வெயிலின் கணக்கில் வராது, என் கணக்கில்தான் வரும்.

செடிகளும் உடனே நன்றி சொல்லிவிடவில்லை. உள்ளே இறங்கிய உப்பு போக நாள் ஆயிற்று. இருபத்தைந்தாக இருந்தது இருபத்து மூன்றாயிற்று, பிறகு இருபத்தொன்று. புங்கனும் பூவரசும் உப்பைக் கொஞ்சம் தாங்கும் ஜாதி, அவை அசையவில்லை. வேம்பு நாலைந்து தளிர்விட்டது. ஒற்றை நாவல் மட்டும் மிச்சம். நீ ஆபீஸ் விட்டு வந்ததும் நேரே அங்கேதான் போவாய், திரும்பி வந்து எத்தனை என்று மட்டும் சொல்வாய். "இருபத்தொண்ணுப்பா." கத்திரியின் கடைசி வாரத்தில் ஒரு வேம்பு வாடிப் படுத்தது, அந்த நாவலும் இலையைக் கொட்டியது. ஒரு குச்சி நின்றது. "இருபதுப்பா" என்றாய். குச்சியைச் சேர்த்துத்தான் சொன்னாயா, சேர்க்காமலா என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

கத்திரி முடிந்த மறுநாள் காலையில் ஏழுமலை அண்ணன் வெள்ளைச் சட்டையில் வந்தார். காலனியே அங்கே நின்றது. லாரிக்காரருக்கு அன்று மதியம் பதில் சொல்வதாக ஒத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, அந்த நிழலும் ஒரு சீமைக்கருவேலத்தின் நிழல்தான், என்னைப் பார்த்துச் சொன்னார்:

"வெயில்ல நான் இன்னா எண்ணிகினு இருக்கறது. நீங்களே எண்ணிச் சொல்லுங்க சார். வாத்தியார் சொன்னா எனக்குப் போதும்."

யாரிடம் கொடுத்தார் பார். முப்பது பேர் வந்த கல்யாணத்தை முந்நூறு என்று சொல்லும் மனுஷனிடம். செக்ரட்டரி என் காதருகே வந்து, "சார், முப்பதுன்னு சொல்லிடுங்க, அவருக்கு எது குச்சி எது செடின்னு தெரியவா போகுது" என்றார். நான் எண்ணினேன். ஒவ்வொரு செடியாகத் தொட்டு எண்ணினேன். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுத்ததுபோல, நிற்பவனை மட்டும் எண்ணினேன். வேம்பு பூராவும் தொட்டேன், புங்கன் தொட்டேன், பூவரசு தொட்டேன். நாவலிடம் வந்து நின்றேன். குச்சி காய்ந்து கரகரவென்று இருந்தது. அதை எண்ணாமல் திரும்பி நடந்து வந்தேன். எத்தனை என்று ஏழுமலை அண்ணன் கேட்டார். சொன்னேன்.

செக்ரட்டரி என் முழங்கையைக் கிள்ளினார். ஏழுமலை அண்ணன் தலையைச் சொறிந்தார். "இன்னா சார் நீங்க. இருவதுன்னு சொல்லியிருந்தா, நான் இன்னா செடிகிட்ட போய் சாட்சி கேக்கவா போறேன்?" என்றார். கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. செல்போனை எடுத்தார். லாரிக்காரருக்குத்தான்.

அப்போது சரோஜா அக்கா நாவல் குச்சியின் அருகே குந்தியிருந்தார். கட்டைவிரல் நகத்தால் பட்டையை ஒரு கீறு கீறினார். இன்னும் கொஞ்சம் கீழே, மண்ணை ஒட்டி, இன்னொரு கீறு.

"அண்ணா, போனை வையி. இங்க வா. பச்ச கீது."

ஏழுமலை அண்ணன் நம்பவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் குந்தினார். தன் நகத்தால் தானே ஒரு கீறு போட்டார். உள்ளே ஈரமாக, வெள்ளரிக்காய்த் தோலைப்போல, பச்சை. இன்னொரு கீறும் போட்டுப் பார்த்தார். அந்தக் காலத்துப் பயிர்க்கார ரத்தம் ஏதோ பேசியிருக்கவேண்டும். பிறகு எழுந்து, மண் ஒட்டிய கையை அந்த வெள்ளைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, ரசாயனம்தான் வரலன்னு பாத்தேன், உங்களுக்குக் கணக்கும் வரல. இருவது கீது."

அந்த மதியம் லாரிக்காரருக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார். மழைக்காலத்தில் அவரே இன்னும் அறுபது செடி கொண்டுவந்து இறக்கினார், "கொடி ஏத்தற வரைக்கும் வெயிட் பண்ணாதீங்க" என்று ஒரு வார்த்தையோடு. இன்று அந்த நாவல் முதல் மாடியை எட்டிப் பார்க்கிறது. அதன் வேர் பூமியைத் துளைத்து அந்தப்புறம் போய், அங்கே இருப்பவர்கள் துணி காயப்போட உபயோகிக்கிறார்கள் என்று ஒரு செய்தி வந்தது. சரோஜா அக்கா இன்னும் விரலை முக்குகிறார். நம் ஜன்னலைத் திறக்க முடிகிறது. இதற்கெல்லாம் நான் யாருக்கு நன்றி சொல்ல? மீட்டிங்கில் என்னைக் காட்டிக் கொடுக்காமல், வீட்டில் எனக்குக் காட்டிக் கொடுத்தாயே, அதற்கு. மீதிப் பாதியை நீ குடித்தாயே, அதற்கு. நான் பேசாத ஒன்பது நாளும் சாப்பிடும்போது எனக்கு நல்ல தண்ணீர் எடுத்து வைத்தாயே, அதற்கு. உன்னைப் பெற்றது நானும் உன் அம்மாவும்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வெயிலில் என்னைக் கொஞ்சம் வளர்த்தது நீ.

ஊரப்பாக்கத்தில் யாராவது கேட்டால், எங்கப்பா புளுகுவார் என்று சொல்லிவிடு. கடப்பாரை விடுப்பு கேட்டது புளுகு, ரயில் வழுக்கியது புளுகு, மலை நகர்ந்தது புளுகு, அடையாறு வந்து வழிகேட்டதும் புளுகு. வேண்டுமானால் முழுக் கடிதத்தையும் புளுகு என்றே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை. அன்று ஏழுமலை அண்ணன் எத்தனை என்று கேட்டபோது, நான் பத்தொன்பது என்றுதான் சொன்னேன். நீ என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய்.

இப்படிக்கு,
உன் அப்பா